மருத்துவ ஆய்வில் சேர அழைத்தால்: மட்டக்களப்பு, அம்பாறை நோயாளருக்கு ஒரு வழிகாட்டி

மாதாந்தக் கிளினிக்குக்கு விடியற்காலையிலேயே வந்து, இலக்கம் எடுத்துக் காத்திருந்து, முறை வந்து உள்ளே போனதும், "சீனி வருத்தத்துக்கு ஓர் ஆய்வு நடக்கிறது, நீங்களும் சேர விருப்பமா?" என்று வைத்தியரோ அவர் பக்கத்தில் இருக்கும் ஆய்வு உதவியாளரோ கேட்டால், நம்மில் பெரும்பாலானோர் சொல்லும் மறுமொழி ஒன்றுதான்: "நீங்க சொன்னாச் சரி டொக்டர்." அந்த மறுமொழியில் நம்பிக்கை இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. ஆனால் மருத்துவ ஆய்வொன்றுக்கு வேண்டிய சம்மதம் அதில் இல்லை. ஏனெனில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ளாமல் ஒருவர் எதற்கும் சம்மதிக்க முடியாது. அழைப்பு வந்த நாளுக்கும் கையொப்பம் வைக்கும் நாளுக்கும் இடையில் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்ல வேண்டியது, ஆய்வில் சேருங்கள் என்று அழைப்பது உங்களை ஏமாற்றும் வேலை அன்று என்பதாகும். நம் வயல்களில் பாம்பு கடித்து வைத்தியசாலைக்கு வருபவருக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து, சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமையை உண்டாக்கிவிடும். அதைத் தடுப்பதற்கென்று முன்கூட்டியே சில மருந்துகளைக் கொடுக்கும் வழக்கம் இருந்தாலும், அவற்றுள் எது உண்மையில் பயன்படுகிறது என்பது தெளிவாக இருக்கவில்லை. இலங்கையில் பாம்புக்கடிக்கு உள்ளான 1007 பேர் பங்குபற்றி, 2011 இல் வெளியான ஆய்வு அந்தக் கேள்விக்கு விடை தந்தது: குறைந்த அளவு அட்ரினலின் முதல் ஒரு மணித்தியாலத்தில் கடும் ஒவ்வாமையை 43 சதவீதம் குறைத்தது, மற்ற இரு மருந்துகளான ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் அவ்வாறு குறைக்கவில்லை. அதேபோல, 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளைச் சேர்ந்த 700 இலங்கையர் பங்குபற்றி, 2018 இல் வெளியான ஆய்வில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகச் சேர்த்துக் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் 70 சதவீதமானோரின் குருதியமுக்கம் இலக்குக்குள் வந்தது; வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அது 55 சதவீதமாக இருந்தது. யாரோ சிலர் விளங்கிக்கொண்டு சம்மதித்ததால் கிடைத்த அறிவு இது.

எல்லா ஆய்வும் மருந்தைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து குருதியமுக்கத்தை அளந்து ஆலோசனை சொல்வது பயன் தருகிறதா என்பதை இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய நாடுகளின் 30 கிராமப் பகுதிகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். உணவுமுறை, உடற்பயிற்சி, மனநல ஆலோசனை, காயத்துக்கு மருந்து கட்டும் முறை ஆகியவையும் ஆராயப்படுகின்றன.

நீங்களாகவே ஓர் ஆய்வைத் தேட விரும்பினால், இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் நடத்திவரும் இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் தேடலாம். உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட முதன்மைப் பதிவேடுகளுள் அதுவும் ஒன்று. இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவுகள் ஆங்கிலத்தில் இருப்பதால், உயர்தரம் படிக்கும் பேரப்பிள்ளையோ பக்கத்து வீட்டு ஆசிரியரோ உடன் இருந்தால் நல்லது. ஒவ்வொரு பதிவிலும் எந்த நோய், எந்த வயதினர், எந்த வைத்தியசாலை, இன்னும் ஆட்களைச் சேர்க்கிறார்களா, பொறுப்பான ஆய்வாளர் யார் என்ற விவரங்கள் இருக்கும். வைத்தியசாலையின் பெயரை முதலில் பாருங்கள். கொழும்பில் மட்டும் நடக்கும் ஆய்வுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை பொத்துவிலில் இருந்து போய்வருவது பலராலும் முடியாத காரியம்.

இணையம் கைவராதவர்கள் தமது கிளினிக் வைத்தியரிடமே கேட்கலாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலும் பணிபுரியும் வைத்தியர்களுக்கு அங்கு நடக்கும் ஆய்வுகள் பற்றித் தெரிந்திருக்கும். விரும்பிக் கேட்டவர் எல்லோரையும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் அறிந்திருங்கள். வயது, சிறுநீரகத்தின் நிலை, மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு, ஏற்கெனவே எடுக்கும் குளிசைகள் என்று ஒவ்வோர் ஆய்வுக்கும் வரம்புகள் உண்டு. அவற்றுள் பல உங்கள் பாதுகாப்புக்காகவே வகுக்கப்பட்டவை. ஆகவே சேர்த்துக்கொள்ளப்படுவதற்காக எந்த நோயையும் எந்த மருந்தையும் மறைக்காதீர்கள்.

அழைப்பு வந்ததும் மூன்று விடயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, எந்த நெறிமுறை மீளாய்வுக் குழு, அதாவது பங்குபற்றுவோருக்குத் தீங்கோ அநீதியோ நேராதபடி ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலிக்கும் குழு, இந்த ஆய்வை அனுமதித்தது என்பது. மருத்துவ பீடங்களில் இயங்கும் இத்தகைய குழு ஒன்று மேற்சொன்ன மட்டக்களப்புப் பீடத்திலும் இருக்கிறது. இரண்டாவது பதிவேட்டு இலக்கம். இலங்கைப் பதிவேட்டில் அது எஸ்.எல்.சி.ரி.ஆர். என்ற எழுத்துகளுடன் தொடங்கி, ஆண்டையும் தொடர் இலக்கத்தையும் கொண்டிருக்கும். மூன்றாவது, புதிய மருந்தோ மருத்துவ சாதனமோ ஆராயப்படுமானால், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி உண்டா என்பது. ஒழுங்காக நடக்கும் ஆய்வில் இருப்பவர்கள் இந்தக் கேள்விகளால் கோபிக்க மாட்டார்கள். சேர்வதற்கு உங்களிடமே பணம் கேட்டாலோ, "கட்டாயம் சுகமாகும்" என்று வாக்குறுதி கொடுத்தாலோ, இன்றே கையொப்பம் வைக்கவேண்டும் என்று அவசரப்படுத்தினாலோ, எழுந்து வந்துவிடுங்கள்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது: தகவல் தாள். ஆய்வின் நோக்கம், கால அளவு, செய்யப்படும் சோதனைகள், வரக்கூடிய பக்கவிளைவுகள் எல்லாவற்றையும் எழுதிய தாள் ஒன்றை உங்களுக்குத் தரவேண்டும். அது உங்களுக்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா ஒரு கிளினிக்கில் இப்படியான படிவமொன்றில் கையொப்பம் வைத்துவிட்டு வந்தார். என்ன ஆய்வு என்று கேட்டேன். "டொக்டர் நல்ல மனுசன்" என்றார். கையில் இருந்த தாளோ ஆங்கிலத்தில் இருந்தது. அடுத்த நாள் தொலைபேசியில் கேட்டபோது, தமிழ்த் தாள் ஒன்று ஆயத்தமாகவே இருக்கிறது என்றும், அன்று தீர்ந்துபோயிருந்தது என்றும் சொன்னார்கள். அது வந்த பிறகு இருவரும் வாசலில் இருந்து ஒரு முழுப் பின்னேரமும் வாசித்தோம். ஆறு முறை இரத்தம் எடுப்பார்கள் என்பதையும், தான் அப்போது எடுத்துக்கொண்டிருந்த குளிசைகளுள் ஒன்றை நிறுத்துவார்கள் என்பதையும் அக்கா அன்றுதான் அறிந்தார். எல்லாவற்றையும் அறிந்த பின்னும் அவர் விலகவில்லை. ஆனால் முதல் நாள் வைத்தது வெறும் கையொப்பம். அவருடைய சம்மதம் அந்தப் பின்னேரத்தில்தான் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே, மொழிபெயர்த்து வாயால் சொல்கிறோம் என்றாலும், தமிழில் எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு சத்தமாக வாசிக்கச் செய்து, விளங்காத இடங்களில் பேனையால் கோடிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் இடுவதாக இருந்தால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி உடன் இருந்து, தாள் முழுவதும் வாசித்து விளக்கப்பட்டதை உறுதிசெய்து கையொப்பமிட வேண்டும். வளர்ந்த பெண் ஒருவருக்காகக் கணவரோ மகனோ முடிவெடுத்துச் சொல்வது போதாது. குடும்பத்துடன் கலந்து பேசலாம், முடிவு அவருடையது. சிறுவர்களுக்குப் பெற்றோர் கையொப்பமிட்டாலும், விளங்கும் வயதுப் பிள்ளையிடமும் விருப்பம் கேட்கப்பட வேண்டும்.

தாளில் "எழுமாறாக" என்ற சொல்லைக் காண்பீர்கள். கோயிலில் திருவுளச்சீட்டு எடுப்பதைப் போன்றது அது. புதிய சிகிச்சை யாருக்கு, வழமையான சிகிச்சை யாருக்கு என்பதைக் கணினி தீர்மானிக்கும். வைத்தியருக்குத் தெரிந்தவர் என்பதற்காகவோ கெஞ்சிக் கேட்டதற்காகவோ அது மாறாது. சில ஆய்வுகளில் ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை கொடுப்பார்கள். யாருக்கு எது என்பது வைத்தியருக்கும் நோயாளருக்கும் தெரியாமல் வைத்திருப்பார்கள். முடிவில் எவருடைய விருப்பு வெறுப்பும் கலந்துவிடக் கூடாது என்பதே அதன் காரணம். எனவே கேட்கவேண்டியது இது: வெற்றுக் குளிசை எனக்கு விழுந்தால், இப்போது எடுக்கும் மருந்து தொடருமா, நிறுத்தப்படுமா? நிறுத்தப்படுமானால் என் நிலை மோசமாகாதபடி யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள்?

இன்னும் சில கேள்விகளையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஆய்வினால் உடலுக்குப் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, நட்டஈட்டுக்கு ஏற்பாடு உண்டா? எடுத்த இரத்தத்தை ஆய்வு முடிந்ததும் அழிப்பார்களா, வேறு ஆய்வுக்கு வைத்திருப்பார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா? மருந்து எனக்குப் பயன்பட்டால், ஆய்வு முடிந்த பிறகும் அது கிடைக்குமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை; ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டு ஏழாம் மாதம் அந்தக் குளிசை வாங்க வழியில்லாமல் நிற்பது எவருக்கும் வரக்கூடாத நிலை.

போக்குவரத்துச் செலவை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்து வருபவர் மண்டூரில் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறிக் குருமன்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மட்டக்களப்புக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். நியாயமான பயணச் செலவைத் திருப்பிக் கொடுப்பது முறையானதே. சந்திப்புத் திகதிகளை முன்கூட்டியே வாங்கி, பெரும்போக விதைப்பு, அறுவடை நாட்களோடும், மாரி வெள்ளத்தில் வீதிகள் மூடப்படும் கார்த்திகை, மார்கழி மாதங்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வர முடியாத நாட்களை முதலிலேயே சொன்னால் மாற்றித் தர வாய்ப்பிருக்கிறது.

சேர்ந்த பிறகு, ஆய்வின் பெயரும் இருபத்துநான்கு மணித்தியாலமும் அழைக்கக்கூடிய தொலைபேசி இலக்கமும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள். இரவில் காய்ச்சலுக்காகவோ விபத்துக்காகவோ பக்கத்து ஆதார வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால், அங்குள்ள வைத்தியரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். நோன்பு, கந்தசஷ்டி விரதம் ஆகியவற்றைப் பிடிப்பவர்கள், விசேடமாகச் சீனி வருத்தக்காரர், ஆய்வுக் குழுவுக்கு முன்னரே சொல்லிக் குளிசை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நாட்டு வைத்தியரிடம் வாங்கும் கஷாயம், சூரணம் எதையும் மறைக்க வேண்டாம். கண்டிப்பார்களோ என்ற பயத்தில் நாம் மறைப்பது இதைத்தான். கர்ப்பம் தரித்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் அன்றைக்கே அறிவியுங்கள்.

விலக விரும்பினால் எந்த நாளிலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதற்காக உங்கள் வழமையான கிளினிக் சிகிச்சையைக் குறைக்கவோ மறுக்கவோ முடியாது. ஆனால் வீட்டில் இருந்தபடியே குளிசையைச் சட்டென நிறுத்திவிட வேண்டாம், ஏனெனில் சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். விலகுகிறேன் என்று நேரில் சொல்லி, பழைய மருந்துக்கு எப்படித் திரும்புவது என்று எழுதி வாங்குங்கள். குறை ஏதும் இருந்து ஆய்வுக் குழு செவிசாய்க்காவிட்டால், தகவல் தாளில் உள்ள நெறிமுறை மீளாய்வுக் குழுவின் இலக்கத்தை நேரே அழைக்கலாம். அந்த இலக்கம் அங்கே அச்சிடப்படுவது இதற்காகவே.

கையொப்பம் வைக்கும் நாளில், வைத்தபின் படிவத்தின் ஒரு பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வு முடிந்ததும் அதன் முடிவையும், உங்களுக்குக் கிடைத்தது எந்தச் சிகிச்சை என்பதையும் தமிழில் அறிவிக்கும்படி அப்போதே கேட்டு, உங்கள் முகவரியை அவர்களுடைய கோவையில் எழுதுவித்து, சரியாக எழுதியிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.