மூளையைக் காக்கும் தாவர நிறமிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மஞ்சளில் உள்ள குர்குமின், நாவல் பழத்துக்குக் கருநீலம் தரும் ஆந்தோசயனின், கீரைகளில் உள்ள லூட்டீன் போன்ற நிறமிகள் நரம்புச் செல்களைச் சிதைவிலிருந்து காக்கின்றன என்று ஆய்வகங்களிலிருந்து வரும் செய்திகள் பெரும்பாலும் பொய்யல்ல. அவற்றைப் படித்துவிட்டு நாம் எடுக்கும் முடிவுகளில்தான் பிழை நேர்கிறது.

கண்ணாடித் தட்டில் நடந்தது மண்டைக்குள்ளும் நடக்கும் என்று எண்ணுவதே எல்லாவற்றுக்கும் மூலமான தவறு. ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களின் மீது குர்குமினை நேரடியாகவே சேர்க்கிறார்கள். நாம் உண்ணும் குர்குமினோ குடலில் மிகக் குறைவாக உறிஞ்சப்பட்டு, குடற்சுவரிலும் கல்லீரலிலும் வேறு சேர்மங்களாக மாறி, எஞ்சிய சொற்ப அளவோடு இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பையும் தாண்டியாக வேண்டும். போதாததற்கு அது நிலையற்ற பொருளும்கூட. சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவந்து குங்குமமாவதை நாம் அறிவோம், காரத்தன்மைக்கு குர்குமின் அவ்வளவு எளிதில் ஆட்படும். இரத்தத்தைப் போன்ற மிக லேசான காரநிலை கொண்ட வெறும் கரைசலில், உடல் வெப்பத்தில், அரை மணி நேரத்துக்குள் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் அளவு பார்த்துப் படிக்க வேண்டியவையே. 2012இல் அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகள் 36 பேரிடம் 24 வாரங்கள் நடந்த சோதனையில், நாளொன்றுக்கு 2 கிராமோ 4 கிராமோ குர்குமின் கொடுத்தும் பயன் தெரியவில்லை. 2018இல் வெளியான கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வில், மறதிநோய் இல்லாத 40 பேரில் குர்குமின் உண்ட பகுதியினரிடம் 18 மாத முடிவில் நினைவாற்றல் மேம்பட்டிருந்தது. ஆனால் அவர்கள் உட்கொண்டது எளிதில் உறிஞ்சப்படும்படி தனியாகத் தயாரிக்கப்பட்ட குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்குதான் என்பதால், 2 கிராம் வேண்டுமென்றால் தினமும் அறுபது கிராமுக்கு மேல் தூளை உண்ண வேண்டியிருக்கும். ரசத்தில் இடும் சிட்டிகையை இந்த ஆய்வுகளோடு முடிச்சுப் போடுவது கணக்குக்கே ஒத்துவராது.

'அதற்குத்தான் மிளகு' என்பார்கள். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தால் குர்குமின் இரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடுவதாக 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டியது உண்மைதான். ஆனால் அந்நியப் பொருள்களை உடல் மாற்றி வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் தடுப்பதால்தான் அது கூடுகிறது; அதே காரணத்தால், வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனோலால் போன்ற மருந்துகளும் இரத்தத்தில் கூடிவிடக்கூடும். இரவில் குடிக்கும் மிளகு மஞ்சள் பாலைப் பற்றி அஞ்சத் தேவையில்லை. செறிவூட்டிய மாத்திரையை மருத்துவரிடம் சொல்லாமல் விழுங்குவதே தவறு. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவுகள் உண்டு. பார்கின்சன், மறதி நோய்களுக்கு எழுதித் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இவற்றுக்கு மாறுவது இன்னும் ஆபத்தானது.

உணவில் நல்லதென்றால் மாத்திரையில் இன்னும் நல்லது என்ற கணக்கும் பொய்த்திருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தபோது, கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. கண்ணுக்காக லூட்டீன் மாத்திரை உண்ட முதியவர்களின் அறிவுத்திறனில் மாற்றமில்லை என்று 2015இல் இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு கண்டது.

அடுக்களைத் தவறுகள் சிறியவை. கத்தரிக்காயின் ஊதா நிறமி தோலில்தான் இருக்கிறது, சீவினால் போயிற்று. கருப்பு கவுனியை ஊறவைத்த கருநீரைக் கொட்டுவோர் நிறமியில் ஒரு பங்கையும் சேர்த்தே கொட்டுகிறார்கள். கீரையும் தக்காளியும் சிறிது எண்ணெயோடு வெந்தால்தான் அவற்றின் நிறமி நன்கு உறிஞ்சப்படும்.

பளிச்சென்ற நிறத்தைத் தரம் என்று நம்புவது மட்டும் சிறிய தவறல்ல. வங்கதேசத்தில் மஞ்சளுக்கு மெருகேற்ற ஈயக் குரோமேட் பூசப்பட்டதை ஆய்வாளர்கள் 2019இல் வெளிப்படுத்தினார்கள். ஈயமோ நரம்பு நஞ்சு, குழந்தைகளின் மூளையை முதலில் தாக்குவது. அங்கே அது தூளில் மட்டுமன்றி முழுக் கிழங்கின் மேலும் பூசப்பட்டதால், கிழங்காக வாங்கினால் கலப்படம் இராது என்று இருந்துவிடவும் முடியாது. வழவழப்பாக, எல்லாம் ஒரே அடர் மஞ்சளாக மின்னும் கிழங்குகளைத் தவிர்த்து, மங்கிய தோலுள்ள விரலி மஞ்சளை வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்வது மேல்.