பிலிமில் வந்த மர்மக் கறை: நெகட்டிவைப் படிப்பது எப்படி?

நீங்களே கழுவிய கறுப்பு வெள்ளைச் சுருளில் பிறை, புள்ளி, பட்டை என்று ஏதேதோ தெரிகிறதா? ஸ்கேன் செய்த படத்தை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அதில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறியிருக்கும். நெகட்டிவையே வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்.

முதலில் நிறம். கறை கறுப்பாக இருந்தால் அங்கே தேவையில்லாமல் வெள்ளி படிந்திருக்கிறது. வெளிச்சம் கசிந்திருக்கலாம், பிலிம் மடங்கியிருக்கலாம். கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் டெவலப்பர் (படத்தைத் தெரியவைக்கும் ரசாயனம்) அந்த இடத்தைத் தொடவில்லை.

அடுத்து ஓரம். லென்ஸ் வழியாக வந்த கோளாறு படத்தின் சட்டத்துக்குள் நின்றுவிடும். பிலிம் ஓரத்துத் துளைகள் வரை போனால் கசிவையோ கழுவிய விதத்தையோ சந்தேகியுங்கள். சுருள் முழுக்கக் காலியா? பிலிம் தயாரிக்கும்போதே ஓரத்தில் பதித்த எண்களைப் பாருங்கள். எண்கள் தெரிந்தால் டெவலப்பர் மேல் குற்றமில்லை. பெரும்பாலும் கேமராவில் பிலிம் நகரவே இல்லை. எண்களும் இல்லையென்றால் டெவலப்பர் செத்திருக்கும், அல்லது டெவலப்பருக்குப் பிறகு ஊற்ற வேண்டிய ஃபிக்ஸரை (படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம்) முதலில் ஊற்றியிருப்பீர்கள். (நான் ஊற்றியிருக்கிறேன்.)

அப்புறம்தான் வடிவம். நகம் பதிந்தாற்போன்ற பிறை, கழுவும் டேங்குக்குள் வைக்கும் ரீலில் ஏற்றும்போது பிலிம் மடங்கியதன் தழும்பு. அதை அழிக்க முடியாது. வீணான சுருள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து தடவை ஏற்றிப் பழகுங்கள். சின்னச் சின்ன வட்டமான தெளிந்த புள்ளிகள் காற்றுக்குமிழ்கள். டெவலப்பர் ஊற்றியதும் டேங்கை இரண்டு மூன்று முறை தட்டினால் போதும். துளைகளிலிருந்து கோடுகோடாக இறங்கினால், டேங்கை ஒரே வேகத்தில் விடாமல் குலுக்கியிருக்கிறீர்கள்.

பால்போல் மங்கிய திட்டு இருந்தால் பயப்படாதீர்கள். ஃபிக்ஸர் போதவில்லை, அவ்வளவுதான். மறுபடி ஃபிக்ஸ் செய்து நன்றாகக் கழுவுங்கள். திட்டு கலைந்தபின் அடியில் படமே இல்லையென்றால், ரீலில் இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

உலர்ந்த துளிகளின் தடம் பளபளப்பான பின்பக்கம் என்றால் ஈரத்துணியால் மெதுவாகத் துடைக்கலாம். எமல்ஷன் பக்கத்தை, அதாவது படம் பதிந்த மங்கலான பக்கத்தை, துடைக்கவே கூடாது. நீரில் ஊறவைத்து, கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டரில் சில துளி வெட்டிங் ஏஜென்ட் (நீர் துளியாக நிற்காமல் வழிய உதவும் திரவம்) விட்டு, மறுபடி தொங்கவிடுங்கள்.

அடுத்த சுருளுக்கு முன், வெட்டியெறியும் நுனித்துண்டை ஃபிக்ஸரில் போட்டுத் தெளிகிற நேரத்தை எண்ணுங்கள். அதில் இரண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸ் செய்யலாம். புதிதாகக் கலக்கியபோது ஆனதைவிட இரட்டிப்பு நேரமானால், அந்த ஃபிக்ஸரை இனி பயன்படுத்தாதீர்கள்.