யார் கீறிய பெயர் இது? கேள்வியை வைத்து வகுப்பில் கலந்துரையாடல் நடத்தும் முறை

கலந்துரையாடல் என்ற பெயரில் ஆசிரியர் நாலு கேள்வி கேட்பார், முன் பெஞ்சில் மூன்று பேர் பதில் சொல்வார்கள், மணி அடித்துவிடும். அதற்கு வாய்மொழித் தேர்வு என்றுதான் பெயர். பிள்ளைகள் ஆசிரியர் முகத்தைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துப் பேச வேண்டுமானால், கேள்வியே அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தயாரிப்பு நேரத்தில் பாதியை அந்த ஒரு கேள்விக்கே செலவழியுங்கள்.

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தூரத்தில் அகழாய்வு நடந்த கீழடியை எடுத்துக்கொள்வோம். 'கீழடியில் என்ன கிடைத்தது?' என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்டுவார்கள். 'கீழடியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்டால் 'பெருமையா இருக்கு சார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் இருக்கின்றன. 'பானையில் இந்தப் பெயரைக் கீறியது யார்? செய்த குயவரா, வாங்கியவரா?' இது நல்ல கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. எந்தப் பக்கம் பேசினாலும் சான்றைக் காட்டியாக வேண்டும்.

சான்று கையில் இருந்தால் பேச்சே மாறிவிடும். மானாமதுரையிலோ விளாச்சேரியிலோ மண் வேலை செய்பவரிடம் சொல்லி, ஈரமண்ணில் ஒரு பெயரைக் கீறிச் சுட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுட்ட பானை ஓடு ஒன்றில் ஆணியால் நீங்களே அதே பெயரைக் கீறுங்கள். ஈரத்தில் கீறியதில் பள்ளம் வழவழப்பாக இருக்கும், ஓரத்தில் மண் லேசாகப் புடைத்து நிற்கும். சுட்டபின் கீறியதில் ஓரம் பிசிறு பிசிறாக உதிர்ந்திருக்கும். இரண்டு ஓட்டையும் விரலால் தடவிப் பார்க்கக் கொடுங்கள். எது எப்போது கீறியது என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

40 பேர், 45 நிமிடப் பீரியட் என்று கணக்கு வைப்போம். பெஞ்சை நகர்த்துவதை இன்டர்வெலிலேயே முடியுங்கள். இடமில்லையென்றால் வராண்டாவோ வேப்பமரத்தடியோ போதும். ஓட்டைப் பார்க்க 5 நிமிடம், தனியாக இரண்டு வரி எழுத 3, பக்கத்தில் இருப்பவரோடு பேச 4. பிறகு 12 பேர் உள்வட்டம், மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் வெளிவட்டம். வெளிவட்டத்தில் இருப்பவருக்கு ஒரே வேலை: தன் முன்னால் இருப்பவர் என்ன சொன்னார், எதைக் காட்டிச் சொன்னார் என்று குறிப்பது. 12 நிமிடத்தில் அடுத்த 12 பேர் உள்ளே வரட்டும். மீதி 16 பேர் அடுத்த முறை முதலில் உட்காருவார்கள். மறக்காமல் பெயரை எழுதி வையுங்கள். எழுதுவதை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். கூச்சப்படும் பிள்ளைக்கு வாசிக்கவாவது கையில் இரண்டு வரி இருக்கும்.

கேள்வியைப் போட்டதும் வாயை மூடிக்கொள்வதுதான் கடினமான வேலை. கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், 3 நொடிக்கு மேல் காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஒருவர் பேசி முடித்த பிறகும் எண்ணுங்கள். அந்த இடைவெளியில்தான் அடுத்த பிள்ளை வாயைத் திறக்கும்.

'அவரு பானைல அவருதான் சார் எழுதிருப்பாரு' என்று ஒருவன் சொன்னால் உங்கள் வாயிலிருந்து வர வேண்டியது, 'எதை வச்சுப்பா சொல்ற?' 'குயவர்கிட்ட சொல்லி எழுதி வாங்கிருக்கலாம்ல?' என்று இன்னொருத்தி கிளம்பினால், 'அப்படின்னா ஓட்டுல என்ன தெரியணும்?' இந்த இரண்டு கேள்வியும் பெரும்பாலும் போதும். 'கரெக்ட்', 'வெரி குட்' இரண்டையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒரு தடவை 'கரெக்ட்' சொன்னால் விடை வந்துவிட்டது என்று மற்ற 39 பேரும் எடுத்துக்கொள்வார்கள்.

எல்லோரும் உங்களையே பார்த்துப் பேசுகிறார்களா? நீங்கள் நின்றுகொண்டிருப்பதுதான் காரணம். வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து, நோட்டில் வட்டம் வரைந்து, யாரிடமிருந்து யாருக்குப் பேச்சு போகிறது என்று கோடு இழுங்கள். குனிந்த தலையைப் பார்த்து யாரும் பேச மாட்டார்கள். பையன்களுக்குள்ளேயே கோடு ஓடுகிறதா என்பதும் அந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு பேரே பேசினால் ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். கருத்துச் சொன்னால் ஒன்றை நடுவில் போட வேண்டும். அடுத்தவரிடம் கேள்வி கேட்டால் போட வேண்டாம். இரண்டு மூன்று வகுப்புக்குப் பிறகு கொட்டையை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அதை எண்ணுவதே விளையாட்டாகிவிடும்.

பேச்சுத்தமிழைத் திருத்தவே கூடாது. 'கீறிருக்காய்ங்க' என்றவனை 'கீறியிருக்கிறார்கள் என்று சொல்' என்று நிறுத்தினால், அந்த வருஷம் முழுக்க அவன் பேச மாட்டான். செந்தமிழ் கடைசி 5 நிமிட எழுத்தில் வரட்டும். அதில் ஒரே கேள்வி: 'முதலில் எழுதியதை இப்போது மாற்றுவாயா, யார் சொன்ன எதனால்?' மதிப்பெண் போட வேண்டியிருந்தால் இந்தத் தாளுக்குப் போடுங்கள்.

பேச்சு சீக்கிரமே தீர்ந்துவிட்டால் இரண்டாவது கேள்வி தயாராக இருக்கட்டும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஓர் ஆய்வு மாதிரி கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. 'குழியில் கிடைத்த எல்லா ஓட்டுக்கும் அதே வயதா?'

சத்தம் வரும், ஹெச்.எம்.மிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள். பாதியில் மணி அடித்தால் 'சரியான விடை' சொல்லி முடிக்க வேண்டாம். கேள்வியைப் போர்டின் மூலையில் எழுதி, கட்டம் போட்டு, அழிக்க வேண்டாம் என்று அடுத்த பீரியட் டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.