யு.எஸ்.சி.ஐ.எஸ். கடிதம் வந்தால் செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்கக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். அனுப்பும் கடிதங்களில் பெரும்பாலானவை 'ஐ-797' வகைதான். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, கூடவே வரும் எழுத்தைக் கவனிக்காமல் விடுவது முதல் தவறு. ஐ-797சி பெரும்பாலும் விண்ணப்பம் கிடைத்ததற்கான ரசீது, அல்லது கைரேகைக்கான அழைப்பு. இதனால் எந்த உரிமையும் கிடைக்காது என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து அப்ரூவல் வந்துவிட்டதாக ஊருக்குப் போன் செய்துவிடாதீர்கள்.

ரசீது வந்ததும் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபாருங்கள். இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம்மவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அப்பா பெயர் முன்னால் போயிருக்கும், அல்லது பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பதால் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று ஒட்டியிருக்கும். எழுத்துப்பிழை என்றால் உடனே இணையத்தில் திருத்தம் கேளுங்கள். கிரீன் கார்டு அச்சான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

அதிகம் பேர் தடுமாறுவது ஆர்.எஃப்.இ. என்ற கூடுதல் ஆதாரக் கோரிக்கையில்தான். இதுதான் ஐ-797ஈ. இது நிராகரிப்பு இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் கையில் இருப்பதை முதலில் அனுப்பலாம், மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பதிலுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். பாதி அனுப்பினால், இருப்பதை வைத்தே முடிவு சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். கெடு அதிகபட்சம் 84 நாள், தபாலில் வந்திருந்தால் கூடுதலாக 3 நாள். நீட்டிப்பு கிடையாது. அந்தத் தேதிக்குள் பதில் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்; அன்றைக்குத் தபாலில் போட்டால் போதாது. ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவேண்டும் என்றால் கடிதம் வந்த அன்றே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். அனுப்பும்போது அவர்கள் தந்த அசல் கடிதத்தைக் கட்டின் மேலே வையுங்கள்.

எச்-1பி வேலை விசா நீட்டிப்பில் வரும் ஒப்புதல் கடிதமான ஐ-797ஏ-யின் அடியில், எந்தத் தேதி வரை தங்கலாம் என்று சொல்லும் புது ஐ-94 இருக்கும். அதன்பின் வெளிநாடு போய்த் திரும்பினால், விமான நிலையத்தில் தரும் ஐ-94-தான் செல்லும். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால் அந்தத் தேதியோடு சுருக்கிவிடுவதும் உண்டு. பழைய காகிதத்தை நம்பிச் சிலர் தெரியாமலே கெடு தாண்டித் தங்கிவிடுவார்கள். ஒவ்வொரு முறை திரும்பியதும் இணையத்தில் ஐ-94 தேதியைப் பாருங்கள்.

வீடு மாறினால் 10 நாளுக்குள் யு.எஸ்.சி.ஐ.எஸ்.-க்கே முகவரி மாற்றம் தெரிவியுங்கள். தபால் நிலையத்தில் மட்டும் சொல்லிவைத்தால் கைரேகை அழைப்பு பழைய வீட்டுக்கே போகலாம். தேதியை மாற்றக் கேட்காமல் அன்று போகாவிட்டால், விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாகக் கருதி மூடிவிடலாம்.