சைடு ஸ்டாண்டில் வண்டி எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும்?

வண்டி அதிகமாகச் சாய்ந்து நின்றால் நமக்குப் பயமாக இருக்கிறது, நிமிர்ந்து நின்றால் நிம்மதியாக இருக்கிறது. உண்மையில் பயப்பட வேண்டியது நிமிர்ந்து நிற்கிற வண்டியைப் பார்த்துத்தான். முன் டயர், பின் டயர், ஸ்டாண்டின் பாதம் ஆகிய மூன்றும் தரையைத் தொடும் இடங்களை இணைத்தால் ஒரு முக்கோணம் வரும், வண்டியின் எடை மொத்தமும் அந்த முக்கோணத்துக்குள் இறங்குகிற வரைதான் வண்டி நிற்கும். நிமிர நிமிர அந்த எடை வலது விளிம்புக்கு, அதாவது இரண்டு டயரையும் சேர்க்கும் கோட்டுக்கு, நெருங்கிக்கொண்டே போகிறது. அந்தப் பக்கம் தாங்க ஒன்றும் கிடையாது.

போன ஆடியில் என் வண்டி அப்படித்தான் விழுந்தது. தெருவின் வலது ஓரத்தில் நிறுத்தியிருந்தேன், காற்று ஒரு தள்ளு தள்ளியது, பிரேக் லீவர் முனை உடைந்து டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. ஸ்டாண்டு நன்றாகத்தான் இருந்தது, தப்பு நான் நிறுத்திய இடத்தில். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் போடப்பட்டவை. போகிற திசையைப் பார்த்தபடி இடது ஓரத்தில் நிறுத்தினால் சரிவு ஸ்டாண்டு பக்கம் இருக்கும், வண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்காரும். அதே திசையில் வலது ஓரத்தில் நிறுத்தினால் சரிவு வலது பக்கம், வண்டி நிமிர்ந்துவிடும். வலது ஓரம்தான் கிடைத்தது என்றால் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள்.

சமதரையில் 10 முதல் 15 டிகிரி சாய்வு பொதுவாகச் சரியாக இருக்கும். போனில் மட்டம் பார்க்கும் ஆப் இருந்தால் ஹேண்டிலை நேராக வைத்து, பின் சக்கரத்தின் பக்கவாட்டில் போனை ஒட்டி வைத்துப் பார்க்கலாம். நான் அதைவிடக் கையைத்தான் நம்புகிறேன்: இடது பக்கம் நின்று, ஒரு கையால் பின்கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹேண்டிலை மெதுவாக வலது பக்கம் தள்ளுங்கள். இரண்டு விரல் அழுத்தத்துக்கே ஸ்டாண்டு தரையை விட்டு எழும்பினால் அந்த இடம் வேண்டாம்.

இடம் சரியாக இருந்தும் சாய்வு மாறியிருந்தால் வண்டியில் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். பின் டயர் பெரிதாகப் போட்டாலோ, ஷாக்கை, அதாவது அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்கை, இறுக்கி வண்டி உயர்ந்தாலோ சாய்வு கூடும். வண்டியைத் தாழ்த்தினாலோ, பின்னால் லக்கேஜ் ஏற்றி ஷாக் அமுங்கினாலோ சாய்வு குறையும், டூர் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்டாண்டு போல்ட்டும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்கிற வளையமும் தேய்ந்தாலும் சாய்வு மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வரும், ஸ்டாண்டை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். சாய்வைக் குறைக்க வெல்டிங் கடையில் ஸ்டாண்டின் அடியில் பட்டை வைக்கச் சொல்வதற்கு முன் ஒரு கணக்கு: டயரிலிருந்து ஸ்டாண்டு பாதம் 28 செ.மீ. தள்ளி இருந்தால், 1 செ.மீ. பட்டை வண்டியைச் சுமார் 2 டிகிரி நிமிர்த்திவிடும். அதனால் முதலில் அதே கனத்தில் ஒரு பலகைத் துண்டை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

வெயில் காலத்தில் தார் இளகியிருந்தால் ஸ்டாண்டு உள்ளே இறங்கும், ஈர மண்ணிலும் அப்படித்தான். அங்கே ஒரு தட்டைக் கல்லோ உடைந்த டைல்ஸ் துண்டோ போதும்.

ஊட்டி, ஏற்காடு மாதிரி மேட்டில் நிறுத்தும்போது வண்டியின் முகம் மேட்டைப் பார்க்கட்டும். ஸ்டாண்டு முன்பக்கமாக விரியும் அமைப்பு என்பதால், வண்டி முன்னால் உருண்டால் அது மடங்கிவிடும். எஞ்சினை அணைத்து, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டு, வண்டியைக் கியர் பிடிக்கும் வரை பின்னால் உருளவிடுங்கள். அப்புறம் ஸ்டாண்டைக் காலால் கடைசி வரை முன்னே தள்ளி, வண்டியைச் சாய்த்து, ஹேண்டிலை இடது பக்கம் திருப்பிப் பூட்டுங்கள். சரிவுக்குக் குறுக்காக மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சினை அணைத்தபின் பின் சக்கரம் தாராளமாக உருளும், அதனால் மேட்டில் பிரேக் லாக் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் சமமான இடம் தேடி மெயின் ஸ்டாண்டு போடுங்கள்.