பார்த்த தொடரைப் பற்றி எழுத உட்காரும்போது

"நல்லா இருந்தது", "சவ்வாய் இழுக்குது" என்பதெல்லாம் தீர்ப்பு. எந்தக் காட்சியில் அந்தத் தீர்ப்பு பிறந்தது என்று சொன்னால்தான் வாசிப்பவருக்குப் பயன். அதைப் பார்க்கும்போதே பிடிக்கவேண்டும். இரண்டு நாள் போனால் கடைசிக் காட்சி மட்டுமே மனதில் நிற்கும்.

பக்கத்தில் ஒரு சின்னக் கொப்பி வையுங்கள். போனில் குறிக்கப் போனால் வட்ஸ்அப் இழுத்துவிடும். "பகுதி 3, 22ஆம் நிமிடம், எரிச்சல்" என்ற அளவு போதும், காரணம் பிறகு. ஒரு மணி நேரப் பகுதிக்கு ஐந்தாறு குறிப்புக்கு மேல் போனால் நீங்கள் பார்ப்பதை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தத் தொடர்கள் பலவற்றை ஒரே நாளில் முழுதாக இறக்கும். கொழும்பு நேரம் பெரும்பாலும் பகல் 12.30, அமெரிக்கக் குளிர்காலத்தில் 1.30. ஒரே இருப்பில் பார்த்தால் இரண்டாம் பகுதியின் சலிப்பை ஐந்தாம் பகுதியின் பரபரப்பு அழித்துவிடும். அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை நிறுத்தி, ஒவ்வொன்றும் முடிய மூன்று வரி எழுதுங்கள். மற்றவர்களின் கருத்தை அதற்குப் பிறகு வாசியுங்கள்.

டப்பிங்கில் பார்த்திருந்தால் அதைச் சொல்லியே ஆகவேண்டும். உதட்டசைவுக்கு வசனத்தைப் பொருத்தும்போது மௌனங்களும் தயக்கங்களும் காணாமல் போகும். "நடிப்பு செயற்கை" என்ற குறை குரல் கொடுத்தவருக்கு உரியதாக இருக்கலாம். அதே காட்சியை மூலமொழியில் இரண்டு நிமிடம் ஓடவிட்டால் தெரிந்துவிடும்.

இனி, குறித்த இடங்களுக்குத் திரும்பிப் போய் காரணத்தைத் தேடுங்கள். 2025இல் வந்த 'அடொலசன்ஸ்' தொடரின் நான்கு பகுதிகளும் தனித்தனியே ஒரே ஷொட்டில், இடையில் வெட்டாமல் எடுக்கப்பட்டவை. மூன்றாம் பகுதியில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட சிறுவனும் உளவியலாளரும் பெரும்பாலும் ஓர் அறையில் கதைக்கிறார்கள். வெட்டே இல்லாததால் நமக்கும் அந்தச் சந்திப்பிலிருந்து தப்ப வழியில்லை. கொப்பியில் "மூச்சு முட்டுது" என்று எழுதியிருந்தால் காரணம் அங்கே இருக்கிறது. "கமரா அருமை" என்று எழுதினால் இது வாசகருக்குப் போய்ச் சேராது.

கதைச்சுருக்கம் நான்கு வரியைத் தாண்டவேண்டாம். முதல் பகுதிக்குப் பிந்திய திருப்பம் எதையும் சொல்வதானால், முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

மிகக் கவனமாக எழுதவேண்டியது, எங்களை, அதாவது இலங்கைத் தமிழரை, வைத்து மற்றவர்கள் எடுத்த தொடர்களைப் பற்றித்தான். 2021இல் 'த ஃபமிலி மான்' என்ற இந்தித் தொடரின் இரண்டாம் பருவம் ஈழப் போராளி ஒருத்தியைப் பாத்திரமாக்கியது. வெளிவருமுன்பே தமிழ்நாட்டில் தடைக் கோரிக்கை எழுந்தது. இப்படியான தொடரை முன்னோட்டத்தை வைத்து எழுதாமல், ஒன்பது பகுதியையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். கோபம் வருவது நியாயமே. ஆனால் பேச்சுவழக்கின் பிழை, வரலாற்றின் பிழை, மனிதரைக் காட்டிய விதம் மூன்றையும் ஒன்றாகக் குழைத்தால் எதுவும் நிற்காது. பேச்சைச் சோதிப்பது இலகு: யாழ்ப்பாணத்தவர் "என்ன செய்யிறியள்" என்பார், மட்டக்களப்பார் வாயில் "மறுகா" (பிறகு) வரும், மலையகத் தமிழுக்கு வேறு ஓசை. கொழும்பு வெள்ளவத்தையில் இந்த மூன்றும் காதில் விழும். பாத்திரம் எந்த ஊர் என்று தொடர் சொல்கிறதோ அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு அந்த வசனத்தைப் போட்டுக் காட்டி, எந்தச் சொல் இடறுகிறது என்று கேட்டு, அந்தச் சொல்லையே எழுதுங்கள்.