பேட்ச் போட்டாச்சு, சரி. ஓடுவது எந்தக் கெர்னல்?

லினக்ஸ் சர்வரில் சாதாரணப் பயனர் ஒருவர் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி, ஆகிவிட வழிசெய்யும் பாதுகாப்பு ஓட்டையை லோக்கல் ஓட்டை என்பார்கள். அந்த லோக்கல் என்ற சொல்தான் முதலில் ஏமாற்றுகிறது. மெஷினுக்குள் ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்தானே இந்த ஓட்டையைப் பயன்படுத்தி ரூட் ஆக முடியும், என் சர்வரில் நான் ஒருவன்தானே என்று நானும் தள்ளிப்போட்டவன்தான். ஆனால் அந்தக் கணக்கு ஒரு ஆளுடையதாக இருக்க வேண்டியதில்லை. வெப் சர்வர் ஓடுகிற கணக்கும் ஒரு பயனர்தான். பழைய வேர்ட்பிரஸ் பிளகின் ஒன்றின் வழியாக அதற்குள் புகுந்தவன் அடுத்துத் தேடுவது இப்படி ஒரு ஓட்டையைத்தான்.

அதனால் அறிவிப்பு வந்ததும் நான் முதலில் பார்ப்பது, ஓட்டை கெர்னலிலா (இயங்குதளத்தின் மையப் பகுதி), செட்யூஐடி நிரலிலா (யார் இயக்கினாலும் அதன் உரிமையாளரின், பெரும்பாலும் ரூட்டின், அதிகாரத்தோடு ஓடும் நிரல்) என்பது. வைத்தியம் இரண்டுக்கும் வேறு.

கெர்னலுக்கு உதாரணம் 2022 மார்ச்சில் வெளியான டர்ட்டி பைப் என்ற ஓட்டை. அதன் சிவிஇ எண், அதாவது ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண், சிவிஇ-2022-0847. படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பிலும் சாதாரணப் பயனர் எழுதிவிடலாம். மூலக் கெர்னலில் 5.10 வரிசைக்கான திருத்தம் 5.10.102-இல் வந்தது. நான் டெபியன்காரன், அது லினக்ஸ் விநியோகங்களில் ஒன்று. டெபியன் 11-இல் அதே திருத்தம் 5.10.92-2 என்ற பேக்கேஜிலேயே இருந்தது, ஏனென்றால் அவர்கள் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுவார்கள். ஆகவே பதிப்பு எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். உங்கள் விநியோகத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். பேக்கேஜில் செய்த மாற்றங்களைக் காட்டும் ஏபிடி சேஞ்ச்லாக் கட்டளையில் பேக்கேஜ் பெயரைக் கொடுத்து, வருவதில் அந்த எண் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

நான் கோட்டைவிட்டது இதற்கு அடுத்த படியில். அப்டேட் போட்டேன், பிழை எதுவும் வரவில்லை, வேலை முடிந்தது என்று டிக் அடித்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து வேறு எதற்கோ அப்டைம், அதாவது கடைசி ரீபூட்டுக்குப் பிறகு ஓடிய காலம், பார்த்தால் தொண்ணூறு நாளுக்கு மேல் காட்டியது. புதிய கெர்னல் டிஸ்கில் சும்மா கிடக்க, மெமரியில் ஓட்டைக் கெர்னலே ஓடிக்கொண்டிருந்தது. கெர்னலை மாற்றினால் ரீபூட் செய்தே ஆக வேண்டும். செய்த பிறகு, ஓடும் கெர்னல் எது என்று காட்டும் யூநேம் கட்டளையை வி ஆப்ஷனோடு ஓட்டுங்கள். பலரும் ஆர் ஆப்ஷனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டெபியனில் சில அப்டேட்களுக்கு அது காட்டும் கெர்னல் பெயர் மாறவே மாறாது. பேக்கேஜின் முழுப் பதிப்பு வி-யில்தான் தெரியும். கன்டெய்னருக்குள் (ஒரே மெஷினில் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழல்) கெர்னல் அப்டேட் போட்டுப் பயனில்லை. அங்கே ஓடுவதும் அதைத் தாங்கும் ஹோஸ்ட் மெஷினின் கெர்னல்தான்.

செட்யூஐடி நிரல் என்றால் ரீபூட் வேண்டாம், பேக்கேஜைப் புதுப்பித்தால் போதும். பவுன்கிட் என்ற ஓட்டை அப்படிப்பட்டது. சிவிஇ-2021-4034, குவாலிஸ் நிறுவனம் 2022 ஜனவரி 25 அன்று வெளியிட்டது. வேறொரு பயனரின் அதிகாரத்தில் கட்டளை இயக்க உதவும் பிகேஎக்ஸெக் நிரலை ஒரு ஆர்க்யுமென்ட்கூட (நிரலுக்குக் கொடுக்கும் உள்ளீடு) இல்லாமல், அதன் பெயரைக்கூடக் கொடுக்காமல் இயக்கினால், அது எல்லை தாண்டிப் போய்ச் சூழல் மாறிகளைத் தன் ஆர்க்யுமென்ட் என்று எடுத்துக்கொள்ளும். 2009 முதல் முக்கிய லினக்ஸ் விநியோகங்களில் இருந்த பிழை!

திருத்தம் வரும்வரை கோப்பின் அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையில் 0755 போட்டு, ரூட் அதிகாரம் தரும் அந்த செட்யூஐடி பிட்டை எடுத்துவிடச் சொன்னார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அடுத்த அப்டேட்டில் பிட் திரும்பி வந்துவிடும். அது நிலைக்க வேண்டுமானால் டெபியனில் டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு என்ற கட்டளை இருக்கிறது.

அப்புறம், ஓட்டை வரும்வரை காத்திருக்காமல் ஃபைண்ட் கட்டளையில் பெர்ம் -4000 கொடுத்து எல்லா செட்யூஐடி நிரல்களையும் ஒருமுறை பட்டியல் எடுங்கள். சுடோ, பாஸ்வேர்டு மாற்றும் நிரல் போன்றவை வேண்டும். திரை இல்லாத சர்வரில் பிகேஎக்ஸெக்கை நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. அப்படிப்பட்டதைத் தூக்கிவிடுங்கள்.

லைப்ரரி மாறினால் எந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்ல நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி உண்டு. நான் விரும்பிப் பயன்படுத்துவது. 2024 நவம்பரில் அதிலேயே ரூட் ஆகும் ஓட்டைகள் ஐந்து வெளிவந்தன, பத்து வருடமாக இருந்தவை. வேலியே பயிரை மேய்ந்த கதை. 3.8 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பேட்ச் போடுவதற்கு முன்பே யாராவது உள்ளே வந்திருப்பார்களா? பவுன்கிட்டின் சில தாக்குதல்கள் உள்நுழைவுகளைப் பதிவுசெய்யும் ஆத் லாகில் ஷெல் மாறி பற்றிய ஒரு புகார் வரியை விட்டுச் செல்லும். ஆனால் தடயமே இல்லாமலும் செய்யலாம் என்று கண்டுபிடித்தவர்களே எழுதினார்கள், ஆகவே லாக் சுத்தமாக இருப்பது எதற்கும் சாட்சியல்ல. உறுதியான சந்தேகம் இருந்தால் அந்த மெஷினைச் சுத்தம் செய்ய முயலாதீர்கள். புதிதாக நிறுவி, சந்தேக நாளுக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து டேட்டாவை எடுத்து, அதிலிருந்த எல்லா எஸ்எஸ்எச் சாவிகளையும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள்.